நீளம் தாண்டப் போன நாகஜோதி

எருக்கலாபுரத்தில் லோடு ஆட்டோ ஓட்டும் காளிராஜுக்கும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்விக்கும் பிறந்த ஒரே மகள் நாகஜோதி, எட்டாம் வகுப்பு படிக்கையில், பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுவதற்காக ஓடி வந்து, பலகையை மிதித்து எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றுவிட்டாள். கீழே வரவில்லை. அன்றைக்கு நல்ல வெயில், காற்று என்பதே இல்லை, தெற்கே கரிசக்காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது, கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார், அது தவிர அந்தக் காலையில் வித்தியாசமாக எதுவும் இல்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள்.

அது பயந்துபோய்க் கிடந்த பள்ளிக்கூடம். எங்கோ ஒரு ஊரில் சறுக்குமரத்திலிருந்து விழுந்த பையனுக்காகப் பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள் என்றும், அந்தப் பள்ளியை நடத்தியவர் வயதான காலத்தில் கூண்டில் ஏறி நின்றார் என்றும் பேப்பரில் படித்த நாளிலிருந்து தாளாளர் ரத்தினசபாபதிக்குத் தூக்கம் போயிருந்தது. முதலில் அவர் சறுக்குமரத்தைக் கழற்றினார். பிறகு ஊஞ்சலைக் கழற்றினார். பிறகு வேப்பமரத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற கிளைகளையெல்லாம் வெட்டச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஓடக் கூடாது, நடக்கலாம் என்றார். மதுரைக்குச் சுற்றுலா கூட்டிப் போவதற்குப் பதிலாக மண்டபத்தில் திரை கட்டி மதுரையைக் காட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மழைநாளில் கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை கேட்டிலேயே குடையோடு நிற்கிற மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையைப் பார்க்கும்போதும் அதன் கன்னமோ கண்ணோ தெரியாமல் அதற்குள் இருக்கிற எலும்பு மட்டும் தெரிகிற அளவுக்கு அவருக்குப் பயம் முற்றியிருந்தது.

விளையாட்டு விழாவையும் நிறுத்தியிருப்பார். பிள்ளைகள் ஓடுகிற படம் போட்ட சுவரொட்டி ஒட்டினால்தான் ஜூன் மாதம் சேர்க்கைக்கு ஆள் வருகிறது என்பதால் நிறுத்த முடியவில்லை. வக்கீல் பத்மநாபனை வரவழைத்து ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்கினார். என் பிள்ளை ஓடத் தொடங்கும் நேரத்திலிருந்து அதன் கால் தரையில் ஊன்றும் நேரம்வரை நேருகிற எதற்கும் பள்ளி பொறுப்பாகாது, ஊன்றிய பிறகு நேருவதற்கும் பொறுப்பாகாது என்று அதில் இருந்தது. ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். காளிராஜ் வண்டியை அணைக்காமலேயே கேட்டில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

பி.டி. மிஸ் கனகமணி நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். ஓடவே கூடாத பள்ளிக்கூடத்தில் ஓடச் சொல்லித்தருகிற வேலை பார்த்தாள். நாகஜோதியின் கால்களைப் பார்த்த முதல் நாளே, "ஏட்டி, நீ நடக்கப் பொறந்தவ இல்ல" என்று சொல்லி, எல்லாரும் பிரேயருக்கு வருவதற்கு முன்பே அவளை வரவழைத்து, தானே கரிசல் மண்ணைத் தோண்டி ஓடை மணலை நிரப்பின குழியில் தாண்டப் பழக்கினாள். விழாவன்று கையில் டேப்போடு குழியோரம் நின்றாள்.

நாகஜோதி ஓடி வந்தாள், பலகையை மிதித்தாள், எழும்பினாள், கால்களை முன்னால் வீசினாள், அப்படியே நின்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். மணலில் விழுகிற சத்தம் வந்ததும் நிறுத்தலாம் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். சத்தம் வரவில்லை என்பதால் கை வலித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறுத்தினார்கள்.

"ஏட்டி, இறங்கு" என்றாள் கனகமணி.

"இறங்க வரமாட்டேங்குது மிஸ்."

"காலத் தொங்கப் போடு."

"போட்டுட்டுத்தான் இருக்கேன். கீழ வரல."

அவள் பாதம் கனகமணியின் தோள் உயரத்தில் இருந்தது. கனகமணி டேப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி அவள் இடுப்பைப் பிடிக்கப் போனபோது, மேடையில் மைக்கோடு நின்றிருந்த ரத்தினசபாபதி, "தொடாதீங்க மிஸ்! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார். மைக் இருந்ததால் அது பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி காதுவரைக்கும் கேட்டது. யார் எதைத் தொடக் கூடாது என்று தெரியாமலேயே அவள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

வக்கீல் பத்மநாபன் வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப வரைக்கும் இங்க ஒண்ணும் நடக்கல" என்றார். "ஒரு பிள்ளை தாண்டுது. தாண்டி முடிக்கல, அவ்வளவுதான். கீழ வந்து, அதுல அடிபட்டாத்தான் அது சம்பவம். யாரு கை வச்சு இறக்குறாங்களோ அவங்க கைக்குத்தான் அந்தப் பொறுப்பு போகும். தொடாத கைக்கு ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்டதும், அங்கே நின்றவர்கள் எல்லாம் தங்கள் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

காளிராஜ் கத்தரிக்காய் மூட்டையோடு வண்டியை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தான். "நான் பெத்தவன் சார். எம்பிள்ளைய நான் இறக்கிக்கிறேன்" என்றான்.

"தாராளமா இறக்குங்க. யாரு வேண்டாம்னா?" என்றார் வக்கீல். "ஆனா பிள்ளைக்கு ஒரு எலும்பு பிசகுனாலும் இழுத்தது நீங்கதான்னு ஆகும். பெத்த அப்பன்னு சட்டம் சும்மா விடாது. அதையும் மனசுல வச்சுக்கிட்டு இறக்குங்க."

காளிராஜ் அதை மனசில் வைத்துக்கொண்டே நடந்து போய் மகளின் கணுக்காலைப் பிடித்தான். "அப்பா, கூசுது" என்று நாகஜோதி சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. இழுக்கலாம் என்று கையை இறுக்குகிறபோது பாண்டிச்செல்வி மூச்சிரைக்க ஓடி வந்து, "இழுக்காதீங்க! இடுப்பு கிடுப்பு பிடிச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? பொம்பளப்பிள்ளைங்க அது! டாக்டர் வந்து பாக்கட்டும்!" என்று அலறினாள். காளிராஜ் கையை எடுத்துவிட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கை அந்தக் காலைத் தொடவேயில்லை.

டாக்டர் வந்தார். இப்படி ஒன்றைத் தான் படித்ததில்லை என்றார். இறக்கலாம் என்று எழுதித் தரும்படி தாளாளர் கேட்டார். தீயணைப்புக்காரர்கள் பத்திரமாக இறக்குவோம் என்று எழுதிக் கொடுத்தால் தானும் எழுதித் தருவதாக டாக்டர் சொன்னார். தீயணைப்பு வண்டி வந்தது. பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்தால் இறக்குகிறோம் என்றார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்கும் என்றார் வக்கீல். இப்படி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லாரும் நிற்கும்போதே, காலையில் தோள் உயரத்தில் இருந்த பாதம் மதியம் தலை உயரத்துக்கும், பொழுது சாயும்போது நீட்டிய கைக்கு எட்டாத உயரத்துக்கும் போயிருந்தது. ஏன் ஏறுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து இறக்கினால் அடிபடாதா என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் வந்து இன்னும் கொஞ்சம் உயரத்தைப் பார்த்து, அதையே திரும்பவும் கேட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. பாண்டிச்செல்வி தூக்குச்சட்டியை முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியில் மாட்டி மேலே நீட்டினாள், நாகஜோதி தின்றுவிட்டுச் சட்டியைத் திரும்ப மாட்டினாள். வெயிலுக்குக் குடை போனது, மார்கழிப் பனிக்கு அப்பாவின் மப்ளர் போனது. மற்ற காரியங்களை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, அது தாய்க்கும் மகளுக்கும் தெரிந்த விஷயம். எட்டாம் வகுப்பு வாத்தியார்கள் கரும்பலகையை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார்கள். அரைப் பரீட்சையில் கேள்வியைக் கீழேயிருந்து ஒருத்தர் சத்தமாக வாசிக்க, அவள் மேலேயிருந்து பதிலைச் சொல்ல, மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிவிடுகிறார்கள் என்று பிராது வந்ததால், அவளுக்கு மட்டும் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பரீட்சை நடந்தது. கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள்.

மணற்குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். "கயிற்றைத் தாண்டி நிற்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நிற்கவும்" என்று பலகை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் மஞ்சத்தண்ணியும் வேப்பிலையுமாக வந்தார்கள். வேண்டிக்கொண்டு நடக்காமல் போனால் பள்ளியைக் கேட்கக் கூடாது என்று அவர்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஜூன் மாதம் வந்தபோது சேர்க்கை குறையும் என்று ரத்தினசபாபதி பயந்ததற்கு மாறாகக் கூட்டம் கேட்டைத் தாண்டி ரோடுவரைக்கும் நின்றது. பெற்றவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு நாளா நிக்குதாம், ஒரு கீறல் கெடையாதாமே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, உள்ளே போய்ப் பணத்தைக் கட்டினார்கள்.

நாகஜோதி முதலில் குஷியாகத்தான் இருந்தாள். கண்மாய் தெரியுது, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ரயில் தெரியுது, உங்க வீட்டு மாடியில ஆடு ஏறி வத்தலத் திங்குது என்றெல்லாம் கீழே பார்த்துச் சொல்லுவாள். பிறகு, "மிஸ், நான் எவ்வளவு தூரம் தாண்டியிருக்கேன்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

"நீ இறங்குனாத்தான் மக்கா அளக்க முடியும்" என்பாள் கனகமணி.

"சும்மா உத்தேசமா சொல்லுங்க."

"உத்தேசமா எல்லாரையும் தாண்டிட்ட."

அந்த வருஷம் அவள் மேலேயே பெரியவளானாள். பாண்டிச்செல்வியிடம் அதை அவள் குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் அப்போதே அவள் பள்ளி மாடி உயரத்தில் இருந்ததால் மெதுவாகச் சொன்னதைச் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் எல்லாரும் திரண்டு வந்தார்கள். நாலு மூங்கிலை உயர நட்டு அதில் சேலைகளைக் கட்டி மறைப்போம், தாய்மாமன் ஏறிப் பச்சை ஓலை வேயட்டும், ஒரு குடம் தண்ணியாவது பிள்ளை தலையில் ஊற்றுவோம் என்றார்கள். மூங்கில் சாய்ந்தால் யார் பொறுப்பு, ஈரத்தில் வழுக்கினால் யார் பொறுப்பு, மாமன் விழுந்தால் யார் பொறுப்பு என்று வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி வரும்போது மாமனே, "எனக்கு லேசா கிறுகிறுப்பு உண்டு" என்று சொல்லி ஓலையைக் கீழே வைத்துவிட்டான். பெண்கள் கயிற்றுக்கு வெளியே நின்று குலவையிட்டுவிட்டுப் போனார்கள். பாண்டிச்செல்வி மட்டும் ஒரு குடம் தண்ணியை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிறகு அதை வேப்பமரத்துக்கு ஊற்றினாள்.

"அம்மா" என்று மேலேயிருந்து கூப்பிட்டாள் நாகஜோதி. "என்ன யாராவது எறக்குங்கம்மா. கால் மரத்துப்போச்சு."

"நாளைக்குப் பேசுறேன் தாயி. நாளைக்குப் பேசுறேன்."

கனகமணி அந்தத் தண்ணீர் மரத்தடியில் ஊறுவதை ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரையும் கேட்காமல், வெள்ளையடிக்கிறவர்கள் விட்டுப்போன நீள மூங்கில் ஏணியைத் தனி ஆளாக இழுத்து வந்து, கயிற்றைத் தாண்டி, மணற்குழியை ஒட்டி நின்ற பள்ளி மாடிச் சுவரில் சாய்த்து ஏறினாள். ஏணியின் கடைசிப் படியில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். நாகஜோதி நீந்துகிற மாதிரி உடம்பை வளைத்துக் கையை நீட்டினாள். விரல் விரலைத் தொட்டது. அந்த விரல் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம், மக்கா. எட்டிப் பிடிச்சுக்க. பயப்படாத."

"நான் பயப்படல மிஸ். நீங்க பயப்படாதீங்க."

அதற்குள் பிள்ளைகள் கத்த, வாத்தியார்கள் ஓடிவர, தாளாளர் சாப்பிட்ட கையோடு வந்து நிற்க, மைதானம் நிறைந்துவிட்டது. மகளுக்குச் சோறு கொண்டுவந்த காளிராஜும் கேட்டுக்குள் நுழைந்தான். ஏணி ஆடுவதையும், அதன் உச்சியில் இரண்டு கைகள் சேர்ந்திருப்பதையும், கீழே கருத்த மண்ணையும் அவன் ஒரே பார்வையில் பார்த்தான். இத்தனை நாள் கேட்ட பேச்செல்லாம், பிசகும் எலும்பும், இழுத்த கையும், யார் பொறுப்பு யார் பொறுப்பு என்பதும், அவன் வாயில் வந்து நின்றது.

"டீச்சர், கீழ இறங்குங்க!"

"அண்ணாச்சி, ஏணிய மட்டும் பிடிச்சுக்கிடுங்க. ரெண்டு நிமிஷம். பிள்ளையக் கொண்டாந்துருதேன்."

"இறங்குங்கன்னு சொல்றேன்ல! எம்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன். கோர்ட்டுக்கு இழுப்பேன். சத்தியமா இழுப்பேன் டீச்சர்!"

"அப்பா" என்றாள் நாகஜோதி.

கனகமணி கீழே பார்த்தாள். அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவள் விரல் இலேசாகத் தளர்ந்தது, அதைத் தளர்த்தியது தானா, அந்தப் பிள்ளையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இறங்குகிறவரை காளிராஜ் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்கே கனகமணியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அன்றைக்கே நாகஜோதி வேப்பமரத்து உச்சியைத் தாண்டினாள். அதன்பிறகு அவள் இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை, கண்மாயைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் சொல்லவில்லை. தொரட்டியோடு தொரட்டியைக் கட்டிச் சோறு நீட்டினார்கள், பிறகு தொரட்டியும் எட்டவில்லை. சோறு போகாததால் அவள் மெலிந்தாளா, தூரத்தினால் சிறுத்துத் தெரிகிறாளா என்று பாண்டிச்செல்விக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாண்டுவதை அடியோடு விட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். காலையில் பிரேயருக்கு அவர்கள் வரிசையாக வரும்போது அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தாலும் தாண்டாமல் ஈரத்தில் மிதித்துத்தான் போவார்கள்.

காளிராஜ் வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டான். சாயங்காலமானால் கயிற்றுக்கு உள்ளே போய், மணற்குழியில் நின்று, இரண்டு கையையும் குழந்தை வாங்குகிறவன்போல நீட்டிக்கொண்டு நிற்பான். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அதற்கும் தினம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார். நீட்டிய கை ஒரு நாழிகையில் நடுங்க ஆரம்பிக்கும். இந்தக் கை இவ்வளவு உயரத்திலிருந்து வருகிற பிள்ளையைத் தாங்காது என்று அவனுக்கே ஒருநாள் தெரிந்தபோது, அப்படியே பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனான்.

கனகமணி அங்கே ஒரு ஜவுளிக்கடையில் போர்வையும் ஜமுக்காளமும் விற்கிற பக்கத்தில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் விரித்த போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், நான் சொன்னது தப்பு. வாங்க. ஏணிய நான் பிடிக்கிறேன். கடைசிவரைக்கும் பிடிக்கிறேன்."

"இப்ப எந்த ஏணி எட்டும், அண்ணாச்சி?"

கடையில் ஆள் வந்தது, போனது. கனகமணி மடித்ததையே திரும்ப மடித்தாள்.

"அவளா வந்தாத்தான் உண்டு" என்றாள் கடைசியில். "நான் தொட்டப்பயே அவ வரப் பாத்தா. அவளுக்கு வரத் தெரியும். கீழ பிடிக்க ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சா வருவா. வந்தா விழத்தான் செய்வா. விழுந்தா ஏந்தணும். கையால முடியாது." அவள் திரும்பி, அலமாரியிலேயே பெரிதாக, கனமாக இருந்த ஒரு ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டாள். "நாலு பேரு வேணும், அண்ணாச்சி. மூலைக்கு ஒரு ஆளு."

அவள் அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு அவனோடு வந்தாள். பாண்டிச்செல்வி ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். அதோடு மூன்று முனை ஆயிற்று. நாலாவது முனைக்கு ஆள் வேண்டும் என்று காளிராஜ் ஊருக்குள் போனான். எந்த வீட்டிலும் அவனை விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பிள்ளையை நினைத்துக் கண்ணீர்விட்டார்கள். தாய்மாமன் கிறுகிறுப்பைச் சொன்னான். டாக்டர், தான் பிடித்துக் கை நழுவினால் டாக்டரே நழுவவிட்டார் என்றாகிவிடும் என்றார். தீப்பெட்டி ஆபீசில் பாண்டிச்செல்வியோடு பக்கத்துப் பலகையில் வேலை செய்கிறவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியே வந்தாள், பாதி வழியில் அவள் புருஷன் வந்து பேசிக் கூட்டிப்போனான். ரத்தினசபாபதியிடம் போனபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து காளிராஜின் தோளைத் தொட்டு, "எனக்கு மட்டும் மனசு இல்லாமலா?" என்றார். மைதானத்துக்கும் கூடவே வந்தார். கயிறுவரைக்கும் வந்து நின்றார். காளிராஜும் கனகமணியும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மூன்று பேர் பிடித்தால் ஜமுக்காளம் ஒரு பக்கம் தொங்கி, வருகிறதையெல்லாம் தரையில் கொட்டிவிடுகிற சுளகுபோல ஆகிவிடும். கனகமணி அதில் மணல் மூட்டையைப் போட்டுப் பார்த்தாள். மூட்டை உருண்டு தரைக்கே போனது. இரண்டு முனையை ஒருத்தரே பிடித்துப் பார்த்தார், இழுவை போதவில்லை. கம்பில் கட்டிப் பார்த்தார்கள், கம்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆள்தான் வேண்டும் என்றாள் கனகமணி. எந்தப் பக்கம் வருகிறாளோ அந்தப் பக்கம் ஓட வேண்டும், கம்பு ஓடாது.

அதிலிருந்து அவர்கள் சாயங்காலம்தோறும் வருகிறார்கள். கனகமணி கோவில்பட்டியில் கடை முடிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதால் ஜவுளிக்கடையையும் விட்டுவிட்டாள். கேட்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜமுக்காளத்தை விரிக்கிறார்கள், ஆளுக்கொரு முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறார்கள், அண்ணாந்து நிற்கிறார்கள். ஊரும் வருகிறது. ஐஸ் வண்டியும் வருகிறது. காற்று அடங்கியிருக்கிற நாளில் மேலேயிருந்து குரல் கேட்கிறது. குருவிக் குரல் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் சொல் தெளிவாக விழும்.

"அப்பா, நாலு பேரும் வந்துட்டீங்களா?"

"மூணு பேர் இருக்கோம் தாயி. இன்னும் ஒரு ஆள் வரணும். இரு."

"சரிப்பா. இருக்கேன்."

கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்கள் கழுத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "காளிராஜ், கொஞ்சம் மேற்க தள்ளிப் பிடிப்பா" என்று சொல்கிறார்கள். மூன்று பேரும் மேற்கே தள்ளிப் பிடிக்கிறார்கள்.